சாய்வான, ஒழுங்கற்ற வடிவக் கர்ட்டன் வாலை ரெவிட்டில் உருவாக்குதல்: முழுமையான வழிகாட்டி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி எழும் விற்பனைக் கூடங்களிலும் அலுவலகக் கட்டடங்களிலும் முகப்பைக் கண்ணாடியால் மூடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கண்ணாடி நேராக நிற்காமல் சாலையை நோக்கிச் சாயவேண்டும், அதன் மேல்விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் இருக்கவேண்டும் என்ற விருப்பமும் அடிக்கடி வருகிறது. வடிவம் பெங்களூரிலிருந்து ஒரு முப்பரிமாணப் படமாக வரும். அதை அளவோடு கூடிய மாதிரியாக மாற்றிப் பட்டறைக்கு அனுப்பும் பொறுப்பு இங்குள்ள வரைவு அலுவலகத்தின் தலையில் விழும். அந்த வேலையை ரெவிட் என்னும் கட்டட மாதிரி மென்பொருளில் தொடக்கம் முதல் பட்டறைப் பட்டியல் வரை எப்படிச் செய்வது என்பதையே இங்கு விளக்குகிறேன். ரெவிட்டில் சாதாரணச் சுவர், கர்ட்டன் வால் (சட்டங்களில் கண்ணாடி பொருத்திய முகப்புச் சுவர்), லெவல், ரெஃபரன்ஸ் பிளேன் ஆகியவற்றைக் கையாளத் தெரிந்தவருக்காக இது எழுதப்பட்டுள்ளது.

முகப்பு செங்குத்தாக நின்று, அதன் வெளிக்கோடு மட்டும் ஒழுங்கற்றதாக இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. வழக்கமான கர்ட்டன் வாலை வரைந்து, அதைத் தேர்ந்தெடுத்து, எடிட் புரொஃபைல் வழியாக வெளிக்கோட்டை மாற்றிக்கொண்டால் போதும். வளைந்த திட்டத்தில் (பிளான்) வரைந்த சுவருக்கு மட்டும் அந்த வழி கிடைக்காது. சுவரைச் சாய்த்து வைக்கும் வசதியும் ரெவிட்டின் 2021 பதிப்பிலிருந்து உண்டு. ஒரே கோணத்தில் சாயும் திடச் சுவருக்கு அது நல்ல கருவி. சாய்வும் ஒழுங்கற்ற வெளிக்கோடும் ஒருசேர வரும்போது, சுவரை விட்டுவிட்டு முகத்திலிருந்து தொடங்குவதே என் அனுபவத்தில் உறுதியான வழி.

மென்பொருளைத் திறக்கும் முன்: முகம் தட்டையானதா?

எந்தக் கருவியைப் பயன்படுத்துவது என்பதை முகத்தின் வடிவியல்தான் தீர்மானிக்கிறது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும் என்பது நாம் அறிந்ததே. அதுபோல மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும், நான்காவது புள்ளி அமையலாம், அமையாமலும் போகலாம். படத்தில் பார்க்கும்போது தட்டையாகத் தோன்றும் நாற்கர முகங்களில் பல உண்மையில் முறுக்கு உடையவை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தெற்கு நோக்கிய முகப்பு. அடிக்கோடு மேற்கிலிருந்து கிழக்காக 18 மீட்டர். தென்மேற்கு அடிமூலை அ, தென்கிழக்கு அடிமூலை ஆ. கிழக்கு மேல்மூலை இ 13 மீட்டர் உயரத்திலும், மேற்கு மேல்மூலை ஈ 9 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஈ அடிக்கோட்டிலிருந்து 1.8 மீட்டர் தெற்கே துருத்தி நிற்கிறது. 9 மீட்டருக்கு 1.8 மீட்டர் என்றால் மீட்டருக்கு 0.2 மீட்டர், செங்குத்திலிருந்து சாய்வு 11.31 பாகை. அடிக்கோடு மட்டமாக இருப்பதால், இ-யும் அதே விகிதத்தில், அதாவது 13 × 0.2 = 2.6 மீட்டர் துருத்தினால் முகம் தட்டையானது. படத்தில் அது 3.5 மீட்டர் துருத்தி நின்றால், மற்ற மூன்று மூலைகளின் தளத்திலிருந்து இ ஏறக்குறைய 88 சென்டிமீட்டர் விலகி நிற்கிறது என்று பொருள். இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, வடிவமைத்தவரிடம் "முறுக்கு வேண்டும் என்றே வைத்தீர்களா, தற்செயலாக வந்ததா?" என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் தற்செயலாகத்தான் வந்திருக்கும், 2.6 மீட்டருக்கு அவர் உடனே இசைந்துவிடுவார்.

வெளிப்புறமாகச் சாய்வதா, உட்புறமாகச் சாய்வதா என்பதையும் இப்போதே உறுதி செய்யவேண்டும். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சரேகையில் உள்ளது. இரவும் பகலும் சமமாக வரும் மார்ச், செப்டம்பர் நாள்களில் இங்கு நண்பகல் சூரியன் தெற்கே 77.5 பாகை உயரத்தில் நிற்கும், டிசம்பர் பிற்பகுதியில் 54 பாகை அளவுக்குத் தாழும். தெற்கு முகம் 15 பாகை வெளியே சாய்ந்தால், சமநாள் நண்பகலில் அதன்மேல் நேர்வெயில் படவே படாது. அதே முகம் 15 பாகை உள்ளே சாய்ந்தால் ஆண்டின் பெரும்பகுதி வெயிலை ஏந்திக்கொண்டிருக்கும். சாலைப் புழுதியும் உள்சாய்ந்த கண்ணாடியில்தான் அதிகம் தங்கும். உட்சாய்வை ஒருவர் வற்புறுத்தினால் இவற்றை எடுத்துச் சொல்வது வரைவாளரின் கடமை என்றே கருதுகிறேன்.

முதல் வழி: மாஸ், அதன்மேல் கர்ட்டன் சிஸ்டம்

முதலில் லெவல்களை 0, 4, 8, 12 மீட்டர் என அமைத்துக்கொள்ளவும். அ, ஆ இரண்டின் வழியாகவும் வடக்கு–தெற்காக ஒவ்வொரு ரெஃபரன்ஸ் பிளேனும், அடிக்கோட்டின் வழியாகக் கிழக்கு–மேற்காக ஒன்றும், அதிலிருந்து 4 மீட்டர் தெற்கே இன்னொன்றும் வரைந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் இடவும். பெயர் இடாத பிளேனைப் பின்னர் ஒர்க் பிளேனாகத் தேடி எடுப்பது வீண் சிரமம்.

மாஸ் என்பது கட்டடத்தின் பருவடிவம்; மாஸிங் அண்ட் சைட் தாவலில் இன்-பிளேஸ் மாஸைத் தொடங்கவும். அ வழியாகச் செல்லும் பிளேனை ஒர்க் பிளேனாக அமைத்து, மேற்கு எலிவேஷனில் கட்டடத்தின் பக்கவெட்டை மாடல் லைனால் மூடிய வடிவமாக வரையவும்: அடிக்கோட்டிலிருந்து தெற்கே 2.6 மீட்டர், உயரம் 13 மீட்டர் உள்ள புள்ளிக்கு ஒரு சாய்கோடு. அங்கிருந்து வடக்கே மட்டமாக ஒரு கோடு. பின் கீழே இறங்கி, அடியில் மூடும் கோடு. கட்டடத்தின் உட்பகுதி எவ்வளவு ஆழம் என்பது இப்போது முக்கியமில்லை, 5 மீட்டர் போதும். இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து கிரியேட் ஃபார்ம் கொடுத்தால் திடவடிவம் உருவாகும். அதன் கிழக்கு முகத்தைத் தேர்ந்தெடுத்துத் தற்காலிக அளவை 18000 என மாற்றவும்.

இப்போது மேல்விளிம்பு முழுவதும் 13 மீட்டரில் மட்டமாக இருக்கிறது. அதைச் சாய்வாக வெட்ட வாய்டு, அதாவது வெட்டி நீக்கும் வெற்று வடிவம், தேவை. 4 மீட்டர் தெற்கே வரைந்த பிளேனை ஒர்க் பிளேனாக்கி, தெற்கு எலிவேஷனில் ஒரு முக்கோணம் வரையவும். அ-வுக்கு 4.5 மீட்டர் மேற்கே 8 மீட்டர் உயரத்தில் ஒரு முனை, ஆ-வுக்கு 4.5 மீட்டர் கிழக்கே 14 மீட்டர் உயரத்தில் ஒரு முனை, முதல் முனைக்கு நேர் மேலே 14 மீட்டரில் மூன்றாவது முனை. முதல் இரண்டையும் இணைக்கும் கோடு ஈ, இ இரண்டையும் சரியாகக் கடந்து செல்லும். கிரியேட் ஃபார்மின் கீழ் உள்ள வாய்டு வடிவத்தைத் தேர்ந்து, திடவடிவம் முழுவதையும் ஊடுருவும்படி வடக்கே இழுத்துவிட்டால் மேற்பகுதி வெட்டப்படும். வாய்டு தானாக வெட்டவில்லை என்றால் கட் ஜியாமெட்ரியைப் பயன்படுத்தலாம். ஃபினிஷ் மாஸ் கொடுத்து முடிக்கவும்.

நான்கு மூலைகளையும் புள்ளிகளாகக் குறித்து இணைக்காமல் இப்படி வெட்டி உருவாக்குவதற்குக் காரணம் உண்டு. ஒரே பக்கவெட்டை நீட்டிப் பெற்ற முகம் தட்டையாக மட்டுமே இருக்கமுடியும். வாய்டு அதன் வெளிக்கோட்டைத்தான் மாற்றுகிறது, தளத்தை மாற்றுவதில்லை. முறுக்கு தெரியாமல் நுழைவதற்கு இடமே இல்லை.

அடுத்து ஆர்க்கிடெக்சர் தாவலில் கர்ட்டன் சிஸ்டத்தைத் தேர்ந்து, அதன் டைப்பை நகலெடுத்துப் புதுப்பெயர் இட்டு, சாய்ந்த முகத்தைச் சொடுக்கி, கிரியேட் சிஸ்டம் கொடுக்கவும். மாஸ் திரையில் தெரியவில்லை என்றால் ஷோ மாஸை இயக்கிப் பார்க்கவும். மல்லியன்களை, அதாவது கண்ணாடியைத் தாங்கும் சட்டங்களை, இப்போதே சேர்க்கவேண்டாம். முதலில் பரப்பைச் சரிபார்க்கவேண்டும்: சாய்வு நீளத்தில் மேற்கு விளிம்பு 9.178 மீட்டர், கிழக்கு விளிம்பு 13.257 மீட்டர், சராசரியை 18 ஆல் பெருக்கினால் 201.9 சதுர மீட்டர். கர்ட்டன் பேனல் ஷெட்யூலின் மொத்தப் பரப்பு இதோடு ஒத்துப்போகவேண்டும். 198 என்று வந்தால், சாய்வைக் கணக்கில் எடுக்காத செங்குத்துப் பரப்பை எங்கோ பிடித்திருக்கிறோம் என்று அறிந்துகொள்ளலாம்.

கிரிட்: தளமட்டத்தோடு பொருத்துவது

நான் பார்த்த சாய்வு முகப்பு மாதிரிகளில் அதிகம் கோளாறு உள்ள இடம் இதுவே. டைப் பண்புகளில் கிரிட் இடைவெளியாக நாம் கொடுக்கும் எண் முகத்தின் மீது, அதாவது சாய்வின் வழியே அளக்கப்படுகிறது. தளத்துக்குத் தளம் 4 மீட்டர் என்பதால் 4000 என்று கொடுத்தால், அந்தக் கோடு உண்மையில் 3922 மில்லிமீட்டர் உயரத்தில்தான் விழும். முதல் தளத்தில் 78 மில்லிமீட்டர் குறைவு. மூன்றாவது தளத்துக்குப் போகும்போது 233 மில்லிமீட்டர் குறைந்து, ட்ரான்சம் எனும் கிடைச்சட்டம் ஸ்லாபின் விளிம்புக்குக் கீழே, சீலிங்குக்குள் போய் நிற்கும். கொடுக்கவேண்டிய எண் 4000-ஐ 11.31 பாகையின் கோசைனால் வகுத்தால் வரும் 4079. ஒரு தளத்துக்கு மூன்று வரிசைக் கண்ணாடி என்று வைத்தால் ஒவ்வொன்றும் 1359.7.

ஆகவே ஒரு திசைக் கிரிட்டுக்கு ஃபிக்ஸ்டு டிஸ்டன்ஸ் 1500, மற்றதற்கு ஃபிக்ஸ்டு டிஸ்டன்ஸ் 1359.7 கொடுக்கவும். கிரிட் 1 எது, கிரிட் 2 எது என்பது முகத்துக்கு முகம் மாறக்கூடும் என்பதால், ஒரு எண்ணை மாற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும். ஜஸ்டிஃபிகேஷன் எந்த விளிம்பிலிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்க்கவேண்டும். கிடைக்கோடுகள் அடியிலிருந்தும் குத்துக்கோடுகள் அ-வின் விளிம்பிலிருந்தும் தொடங்கும்படி அதை மாற்றி, கோடுகள் சாய்ந்து வந்தால் ஆங்கிள் பண்பைச் சரிசெய்யவும். பின் ஒரு செக்‌ஷன் எடுத்து, 4, 8 மீட்டர் லெவல் கோடுகளோடு கிரிட் கோடுகள் ஒன்றுகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். 12 மீட்டர் மட்டம் சாய்ந்த மேல்விளிம்பைச் சந்திப்பது மேற்கு ஓரத்திலிருந்து 13.5 மீட்டரில், அதற்கு மேற்கே அந்த மட்டத்தில் முகப்பே இல்லை.

மேல்விளிம்பில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அது கிடைக்கோடுகளோடு 12.8 பாகை கோணத்தில்தான் சந்திக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அந்தச் சந்திப்புகள் 1.5, 7.5, 13.5 மீட்டரில் விழுகின்றன. ஒவ்வொரு சந்திப்புக்கும் கிழக்கே 1.5 மீட்டர் அகலமும் 340 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட, கத்தி முனை போன்ற முக்கோணத் துண்டு உருவாகும். இத்தகைய கூர்முனைத் துண்டை டஃபன் செய்வதும் (சூடாக்கி உறுதியாக்குவதும்) ஏற்றிப் பொருத்துவதும் தொல்லை; கண்ணுக்கும் அழகில்லை. முக்கோணத்துக்கு அடியில் உள்ள கிரிட் கோட்டைத் தேர்ந்து, ஆட்/ரிமூவ் செக்மென்ட்ஸ் வழியாக அந்த ஒரு துண்டை மட்டும் நீக்கினால், கீழ்ப்பேனலும் முக்கோணமும் சேர்ந்து ஒரு பக்கம் 1.36 மீட்டர், மறுபக்கம் 1.70 மீட்டர் உயரமுள்ள ஒரே பேனலாகிவிடும். கோடு பின் (pin) குறியால் பூட்டப்பட்டிருந்தால் முதலில் அந்தப் பின்னை எடுக்கவேண்டும்.

சிஸ்டம் பேனல் எந்த ஒழுங்கற்ற வடிவத்துக்கும் தன்னைப் பொருத்திக்கொள்ளும். கதவு போன்ற லோடு செய்யும் ஃபேமிலிகளுக்கு நாற்கோண இடம் தேவை, அதுவும் சாய்ந்த முகத்தில் வைத்தால் கதவே சாய்ந்து நிற்கும். வாசல் வேண்டிய இடத்தில் மாஸை வாய்டால் வெட்டி, அங்கே செங்குத்தான ஒரு முன்வாயிலைத் தனிக் கர்ட்டன் வாலாக வரைவதே முறை.

இரண்டாவது வழி: ஸ்லோப்டு கிளேஸிங்

தட்டையான முகத்துக்கு மாஸ் இல்லாமலும் வேலையை முடிக்கலாம். ஸ்லோப்டு கிளேஸிங் என்பது ரெவிட்டில் ஒரு கூரை வகை. கண்ணாடிச் சுவரைக் கூரையாக வரைவது விந்தையாகத் தோன்றினாலும் கணக்கு மிக எளிது. ரூஃப் பை ஃபுட்பிரின்டைத் தரைமட்டத்தில் தொடங்கி, நான்கு மூலைகளின் திட்ட நிலைகளை, அதாவது அ, ஆ, ஆ-வுக்கு 2.6 மீட்டர் தெற்கே ஒரு புள்ளி, அ-வுக்கு 1.8 மீட்டர் தெற்கே ஒரு புள்ளி ஆகியவற்றை இணைத்து மூடவும். டிஃபைன்ஸ் ஸ்லோப் அடிக்கோட்டுக்கு மட்டும் இருக்கட்டும், சாய்வு 78.69 பாகை. கிழக்கில் 2.6 × 5 = 13, மேற்கில் 1.8 × 5 = 9 என மேல்மூலைகளின் உயரம் தானாகவே அமைந்துவிடும். ஒற்றை முகத்துக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். முகங்கள் பல சேரும்போதும், வடிவம் இன்னும் மாறக்கூடும் என்னும்போதும் மாஸ் வழியே மேல். மாஸை மாற்றிய பிறகு கர்ட்டன் சிஸ்டத்தைத் தேர்ந்து அப்டேட் டு ஃபேஸ் கொடுத்தால் அது புதிய முகத்துக்கு நகர்ந்துவிடும்.

மல்லியன்கள்

மல்லியன் டைப்பில் பொசிஷன் என்ற பண்பு உண்டு. அதற்கு முகத்துக்குச் செங்குத்து, தரைக்கு இணை என இரு தேர்வுகள் உள்ளன. நேர்ச்சுவரில் இரண்டும் ஒன்றே, சாய்ந்த முகத்தில் வேறு வேறு. வெளியே சாயும் முகத்தில் ட்ரான்சத்தை முகத்துக்குச் செங்குத்தாக வைத்தால் அதன் வெளிமுனை தாழ்ந்து, மழைநீர் வெளியே வழிந்துவிடும். உள்ளே சாயும் முகத்திலோ அதே ட்ரான்சத்தின் வெளிமுனை உயர்ந்து, கண்ணாடிக்கும் மூடிக்கும் நடுவே நீர் தேங்கும். அங்கே துருத்திய மூடியைத் தவிர்த்து, சிலிக்கான் நிரப்பிய சமமட்ட இணைப்பு வைப்பதே ஏற்றது. எது தொடர்ந்து ஓடும் என்பதை ஜாயின் கண்டிஷனில் முடிவு செய்யவும். சட்டத்தின் சுமை ஸ்லாபுகளுக்கு இறங்கும் அமைப்பில் குத்துச் சட்டங்களே தொடரவேண்டும்.

இரு சாய்முகங்கள் சந்திக்கும் மூலையைத் தனியாகக் கவனிக்கவேண்டும். திட்டத்தில் மூலை 90 பாகையாக இருந்து, இரு முகங்களும் 11.31 பாகை வெளியே சாய்ந்தால், கண்ணாடிகளுக்கு இடையிலான உண்மையான கோணம் 92.2 பாகை. 90 பாகை மூலைச் சட்டத்தை வரைபடத்தில் ஏற்றி அனுப்பினால் பட்டறையில் பொருந்தாது. இரு கர்ட்டன் சிஸ்டங்களிலும் ஓர மல்லியன் வைத்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒன்றில் மட்டும் வைத்து, மற்றதில் நன் (None, எதுவுமில்லை) என விட்டுவிட்டு, மூலைச் சட்டத்துக்கான புரொஃபைல் ஃபேமிலியை 92.2 பாகைக்கே வரைந்து ஏற்றவும்.

முறுக்கு வேண்டும் என்றே கேட்டால்

அப்போது 3.5 மீட்டர் துருத்தலை அப்படியே வைக்கவேண்டும். கான்செப்சுவல் மாஸில் அடிக்கோட்டையும் மேல்விளிம்பையும் இரு கோடுகளாக வரைந்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து கிரியேட் ஃபார்ம் கொடுத்தால் அவற்றுக்கு இடையே ஒரு நேர்கோட்டுப் பரப்பு உருவாகும். அதை டிவைட் சர்ஃபேஸ் கொண்டு குத்தாக 12, கிடையாக 10 எனப் பிரித்தால், முழு விலகலான 88 சென்டிமீட்டர் 120 கட்டங்களுக்குப் பங்காகி, ஒவ்வொரு கட்டத்திலும் நான்காவது மூலை மற்ற மூன்றின் தளத்திலிருந்து சுமார் 7 மில்லிமீட்டர் விலகும். தட்டையான கண்ணாடி நான்கு மூலைகளையும் ஒருசேரத் தொடமுடியாது. 7 மில்லிமீட்டரைப் பொருத்தும்போதே வளைத்து அமர்த்த முடியுமா என்பதைக் கண்ணாடி தருபவர் எழுத்தில் உறுதி செய்தால் நாற்கரப் பேனலோடு போகலாம். இல்லையென்றால் முக்கோண வடிவத்தைத் தேர்ந்து, கர்ட்டன் பேனல் பேட்டர்ன் பேஸ்டு டெம்ப்ளேட்டில் செய்த பேனலை ஏற்றவேண்டும். முக்கோணம் எப்போதும் தட்டையானதே, ஆனால் சட்டத்தின் நீளமும் இணைப்புகளும் கணிசமாகக் கூடும். விளிம்புகளில் பாதிக் கட்டங்கள் வந்தால் பார்டர் டைலைப் பார்ஷியல் என வைக்கவும்.

ஸ்லாபும் எடையும்

சாய்ந்த முகப்பில் ஒவ்வொரு தளத்தின் ஸ்லாப் விளிம்பும் வெவ்வேறு இடத்தில் முடியும்: நம் முகத்தில் 4 மீட்டரில் 0.8 மீட்டர், 8 மீட்டரில் 1.6 மீட்டர் தெற்கே. மாஸைத் தேர்ந்து மாஸ் ஃப்ளோர்ஸில் லெவல்களைக் குறித்து, ஃப்ளோர் பை ஃபேஸ் கொண்டு ஸ்லாபுகளை உருவாக்கி, பிராக்கெட்டுக்கும் தீத்தடுப்பு அடைப்புக்கும் வேண்டிய இடைவெளியை ஆஃப்செட்டாகக் கொடுக்கலாம்.

கண்ணாடியின் எடை, ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 6 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டுக்கு நடுவே காற்றிடைவெளி உள்ள டி.ஜி.யூ. 30 கிலோ, 201.9 சதுர மீட்டருக்கு ஆறு டன் சொச்சம். வெளியே சாயும் முகத்தின் அடியில் ஆள்கள் நடமாடுவதால், கீழ்நோக்கியிருக்கும் வெளிக்கண்ணாடி லேமினேட்டடாக (இடையே படலம் வைத்து ஒட்டியதாக) இருக்கவேண்டும். அதை 6+6 என மாற்றினால் சதுர மீட்டருக்கு 45 கிலோவாகி, மொத்தம் ஒன்பது டன்னைத் தாண்டும். 30 கிலோ கணக்கிலேயே ஒரு முழுப் பேனல் 61 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 கிலோ, எந்நேரமும் கண்ணாடியை முகத்திலிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சுமையைச் சிலிக்கானிடம் மட்டும் விட்டுவிடாமல் உலோகப் பிடிப்பும் வைக்கவேண்டும் என்று குறிப்பெழுதுவது நல்லது. காற்றழுத்தத்துக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 875 மூன்றாம் பகுதியும், கண்ணாடிப் பயன்பாட்டுக்கு ஐ.எஸ். 16231-உம் அடிப்படை, அடிப்படைக் காற்றுவேகம் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், பெங்களூருக்கு 33 மீட்டர் என வேறுபடுவதால், சென்னை வேலை ஒன்றின் சட்ட அளவை அப்படியே ஓசூருக்கு எடுத்துவரக்கூடாது, பெங்களூர் அளவையும் கேட்காமல் எடுக்கக்கூடாது. கட்டமைப்புப் பொறியாளரிடம் மனையின் இருப்பிடத்தைச் சொல்லி எண் வாங்கவேண்டும்.

பட்டறைக்குப் போகும் தாள்கள்

கர்ட்டன் பேனல் ஷெட்யூலில் வரும் அகலமும் உயரமும் நாற்கோணப் பேனலுக்கு மட்டுமே பொருள் உள்ளவை. மேல்விளிம்பில் உள்ள ஒழுங்கற்ற பேனல்களுக்கு அவற்றை நம்பவேண்டாம். ஒவ்வொரு பேனலுக்கும் மார்க் இட்டு, ஒழுங்கற்றவற்றுக்கு நான்கு பக்க அளவுகளையும் ஒரு மூலைவிட்டத்தையும் தனிப்படத்தில் கொடுக்கவும். தட்டையான நாற்கரத்தை வெட்ட அந்த ஐந்து அளவுகள் போதும். படத்தை முகத்துக்கு நேராக எடுக்க, முப்பரிமாணக் காட்சியில் வியூகியூபை வலச்சொடுக்கி ஓரியன்ட் டு எ பிளேனைத் தேர்ந்து, அந்த முகத்தையே ஒர்க் பிளேனாக அமைத்து அளவிடவும். தெற்கு எலிவேஷனில் அளவிட்டால் எல்லா உயரமும் குறைவாகத்தான் வரும். மல்லியன் ஷெட்யூலில் நீளத்தைச் சேர்த்து வகைவாரியாகப் பிரிக்கவும். மேல்விளிம்புச் சட்டங்களின் நீளக்கூட்டு 18.456 மீட்டரை ஒட்டி வரவேண்டும்.

தாள்கள் போன பிறகு வடிவம் மாறி, அப்டேட் டு ஃபேஸ் கொடுக்க நேர்ந்தால், கையால் நீக்கிய கிரிட் துண்டுகள் மூன்றும் அதே இடத்தில் இருக்கின்றனவா, பின் எடுத்து மாற்றிய பேனல்கள் மாற்றிய வகையிலேயே உள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எண் மாறிய பேனல்களை மட்டும் திருத்தக் குறியோடு மீண்டும் அனுப்பவும்.